வெம்பிளியின் 21 நிமிடங்களை மதுரை மேடையில் நிகழ்த்துவது எப்படி: ட்ரிபியூட் பேண்ட் தொடங்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

புகழ்பெற்றவர்களை மேடையில் மறுபடியும் காட்டும் கலை மதுரைக்குப் புதியதன்று. திருவிழா இரவுகளில் நடக்கும் ஆடல் பாடல் நிகழ்ச்சிகளில் எம்.ஜி.ஆர். வேடமிட்டவரும் சிவாஜி வேடமிட்டவரும் வந்து நின்றால் இன்றும் விசில் பறக்கிறது. ஆனால் அங்கே பாட்டு ஒலிப்பதிவிலிருந்து வருகிறது. நடிகர் வாயசைத்து ஆடுகிறார். ராக் இசைக்குழு ஒன்றின் மேடை நிகழ்ச்சியை மறுபடைப்புச் செய்யும் ட்ரிபியூட் பேண்டில் அந்த வசதி இல்லை. ஒவ்வொரு சுரத்தையும் அங்கே நிற்பவர்களே வாசிக்க வேண்டும், பாட வேண்டும், அந்தக் குழு மேடையில் நகர்ந்ததைப் போலவே நகரவும் வேண்டும். மதுரையில் கிடைக்கும் ஆட்களையும் கருவிகளையும் ஒலிபெருக்கிகளையும் கொண்டு இதை எப்படிச் செய்வது என்பதைத் தொடக்கம் முதல் மேடை வரை இங்கே விளக்குகிறேன்.

ஒரே ஒரு நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுங்கள்

புதிதாகத் தொடங்கும் குழுக்கள் பெரும்பாலும், பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான குயினை எடுத்துக்கொண்டு, ‘நாங்கள் குயின் குழுவின் பாடல்களை வாசிக்கப் போகிறோம்’ என்று முடிவெடுத்துவிட்டு, இசைத்தட்டுகளில் இருப்பதைக் கேட்டுப் பழகுகின்றன. இதனால் கிடைப்பது நல்ல பாட்டுக் கச்சேரியாக இருக்கலாம். மேடை நிகழ்ச்சியின் மறுபடைப்பாக இராது. இசைத்தட்டில் இருப்பது ஸ்டுடியோவில் அடுக்கடுக்காகப் பதிவு செய்யப்பட்ட ஒலி. மேடையில் அதே குழு அதே பாடலை வேறு வேகத்தில், வேறு நீளத்தில், சில இடங்களில் வேறு மெட்டிலேயே பாடியிருக்கும். ஆகவே குழுவைத் தேர்ந்தெடுப்பதோடு நிறுத்தாமல், தேதியும் இடமும் தெரிந்த ஒரு நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இத்துறையில் பெயர் பெற்றவர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். சிகாகோவில் 1997-இல் தொடங்கிய டார்க் ஸ்டார் ஆர்க்கெஸ்ட்ரா, அமெரிக்க ராக் குழுவான கிரேட்ஃபுல் டெட் ஒரு குறிப்பிட்ட நாளில் வாசித்த பாடல் வரிசையை அப்படியே எடுத்து, அந்தக் காலகட்டத்தில் அவர்கள் மேடையில் நின்ற ஒழுங்கிலேயே நின்று வாசிக்கிறது. கனடாவின் தி மியூசிக்கல் பாக்ஸ் குழு, ஜெனெசிஸ் குழுவின் 1970-களின் சுற்றுப்பயணங்களை அக்குழுவின் அனுமதியோடு, அன்று திரையில் காட்டப்பட்ட படங்கள் உட்பட மறுபடி நிகழ்த்தியது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 1988-இல் தோன்றிய ஆஸ்திரேலியன் பிங்க் ஃபிளாய்ட் ஷோ வட்டத் திரையும் லேசர் ஒளியுமாகப் பெரிய அரங்குகளை நிரப்புகிறது. பிங்க் ஃபிளாய்டின் மீது எவ்வளவு ஆசை இருந்தாலும் முதல் முயற்சிக்கு அது வேண்டாம் என்பதே என் கருத்து. அவர்களே 1980-81-இல் மேடையில் சுவர் எழுப்பிய நிகழ்ச்சியை, செலவும் ஏற்பாடும் மலையளவு இருந்ததால், மொத்தம் 31 முறைதான் நடத்த முடிந்தது.

நான் பரிந்துரைப்பது 1985 ஜூலை 13 அன்று லண்டன் வெம்பிளி அரங்கில், எத்தியோப்பியப் பஞ்ச நிவாரண நிதிக்காக நடந்த லைவ் எய்ட் நிகழ்ச்சியில், குயின் குழு வாசித்த ஏறத்தாழ 21 நிமிடங்கள். அளவு சிறியது, மொத்தம் ஆறு பாடல்களும், நடுவே கூட்டத்தோடு குரலால் விளையாடும் ஒரு பகுதியும்தான். அதைவிட முக்கியமான காரணம், மாலை 6.41-க்கு அவர்கள் மேடையேறியபோது லண்டனில் இன்னும் நல்ல வெளிச்சம் இருந்தது என்பது. குயின் குழுவின் வழக்கமான விளக்கு அலங்காரமோ புகையோ அன்று இல்லை. ஒளியமைப்புக்குச் செலவிட வேண்டிய தொகை முழுவதும் உங்களுக்கு மிச்சமாகிறது. கூடவே ஒரு சிறு செய்தி: பாடகர் ஃபிரெடி மெர்க்குரி பார்சிக் குடும்பத்தில் சான்சிபாரில் பிறந்து, மகாராஷ்டிரத்தின் பஞ்ச்கனியில் பள்ளியில் படித்தவர், அங்கேதான் தம் முதல் பேண்டில் பியானோ வாசித்தார்.

மூலப் பதிவைப் படியெடுத்தல்

குயின் குழு வாசித்த இந்தப் பகுதியின் காட்சிப்பதிவு 2004-இல் லைவ் எய்ட் டிவிடியில் வெளியானது. யூடியூபிலும் கிடைக்கிறது. அதையே மூலமாகக் கொள்ளுங்கள். 2018-இல் வந்த ‘பொகீமியன் ராப்சடி’ திரைப்படம் பலருக்கு இந்த நிகழ்ச்சியை அறிமுகப்படுத்தியது உண்மைதான். ஆனால் திரையரங்கில் வெளியான அதன் வடிவத்தில் ‘கிரேஸி லிட்டில் திங் கால்ட் லவ்’, ‘வீ வில் ராக் யூ’ ஆகிய இரண்டும் இல்லை. குரலும் மெர்க்குரியுடையது மட்டுமன்று; மார்க் மார்ட்டெல் என்ற பாடகரின் குரலும் நடிகரின் குரலும் அதில் கலந்திருக்கின்றன. அதைப் பார்த்துப் பழகியவர், நகலின் நகலைப் பழகியவராகிறார்.

பதிவைக் குழுவிலுள்ள ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பார்த்து, ஒரு பெரிய தாளில் நேரவாரியாகக் குறிப்பெடுக்க வேண்டும். எந்த நிமிடம் எந்த நொடியில் எந்தப் பாடல் தொடங்குகிறது, எத்தனை தாள வட்டங்கள் நீடிக்கிறது, இரண்டு பாடல்களுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி, அந்த இடைவெளியில் யார் என்ன செய்கிறார் என்பன அதில் இருக்க வேண்டும். இசைத்தட்டோடு ஒப்பிட்டால்தான் அவர்கள் எங்கெங்கே வெட்டினார்கள் என்பது புலப்படும். ‘பொகீமியன் ராப்சடி’ பாடலின் முதல் பகுதியை மட்டும் பியானோவில் பாடி, கிடார் தனிவாசிப்பு முடிந்த கையோடு ‘ரேடியோ கா கா’வுக்குத் தாவிவிடுகிறார்கள். இசைத்தட்டில் ஆறு நிமிடத்தை நெருங்கும் அந்த இரண்டாம் பாடலும் இங்கே நான்கு நிமிட அளவில் முடிகிறது.

இந்த வெட்டுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. ‘பொகீமியன் ராப்சடி’யின் நடுவே வரும் ஆப்பரா பகுதி, பல அடுக்குகளாகக் குரல்களைப் பதிவு செய்து உருவாக்கப்பட்டது, நான்கு பேர் மேடையில் நின்று அதைப் பாட இயலாது. ஆகவே தங்கள் முழுநீளக் கச்சேரிகளில் குயின் குழு அந்த இடம் வந்ததும் மேடையைவிட்டு இறங்கிவிடும், ஒலிப்பதிவு ஓடும், ராக் பகுதி தொடங்கும்போது திரும்பி வந்து வாசிக்கும். நேரம் குறைவாக இருந்த வெம்பிளியில் அந்தப் பகுதியையே விட்டுவிட்டார்கள். மூலக் குழுவால் மேடையில் எதைச் செய்ய முடியவில்லை, அதை எப்படிச் சமாளித்தது என்று கண்டுபிடித்து, அந்தச் சமாளிப்பையும் சேர்த்தே நிகழ்த்துவதுதான் மேடை நிகழ்ச்சிக்கு உண்மையாக இருப்பது. ‘நாங்கள் பின்னணி டிராக் போட்டு ஆப்பராவையும் சேர்த்துவிடுகிறோம்’ என்று யாராவது உற்சாகமாகச் சொன்னால், அன்போடு மறுத்துவிடுங்கள்.

ஆட்கள்

மேடையில் தெரிபவர்கள் நால்வர், வாசித்தவர்கள் ஐவர். 1984 முதல் குயின் குழுவின் சுற்றுப்பயணங்களில் கீபோர்டு வாசித்த ஸ்பைக் எட்னி, கேமராவில் அதிகம் படாமல் ஓரத்தில் நின்றார். இந்த ஐந்தாவது ஆளை மறந்த குழுக்கள், பாடகர் பியானோவைவிட்டு எழுந்து நடக்கும் இடங்களில் திணறிப்போகும். யார் எப்போது பியானோவில் அமர்கிறார், எப்போது எழுகிறார், எழுந்த பிறகு அந்தச் சுரங்கள் யாருடைய கையிலிருந்து வருகின்றன என்பதைக் குறிப்புத் தாளில் தனி வரிசையாக எழுதி வைப்பது நல்லது.

மதுரையில் இவர்களை எங்கே தேடுவது? கிடாரும் கீபோர்டும் வாசிப்பவர்கள் கல்லூரிகளிலும், லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிரேடு இசைத் தேர்வுக்குப் பயிற்சி தரும் வகுப்புகளிலும் கிடைப்பார்கள். கூட்டுக்குரலுக்கு நான் முதலில் போவது தேவாலயப் பாடகர் குழுவிடம். குயின் குழுவின் அடையாளமே மெர்க்குரி, கிடார் வாசிக்கும் பிரையன் மே, டிரம்ஸ் வாசிக்கும் ரோஜர் டெய்லர் ஆகிய மூவரும் மூன்று உயரங்களில் சேர்ந்து பாடுவதுதான். பாமாலைகளை நான்கு குரல் பிரிவாக, சோல்ஃபா (டோ, ரே, மி என்று சுரங்களை எழுதும் முறை) குறிப்பைப் பார்த்துப் பாடிப் பழகிய ஒருவருக்கு, பக்கத்தில் நிற்பவர் வேறு சுரம் பாடும்போதும் தன் சுரத்தை விடாமல் பிடித்திருப்பது இயல்பாக வரும். மெல்லிசைக் குழுக்களில் பெரும்பாலும் ஒரே மெட்டைச் சேர்ந்து பாடும் பழக்கமே உண்டு என்பதால், அங்கிருந்து வரும் திறமையான பாடகர்களுக்கும் இதற்குத் தனிப் பயிற்சி தேவைப்படும். டெய்லரின் மிக உயர்ந்த குரலைப் பாட ஆண் கிடைக்காவிட்டால் பெண் பாடட்டும். பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் குழுவான அயர்ன் மெய்டனின் பாடல்களை முழுக்கப் பெண்களே வாசிக்கும் அயர்ன் மெய்டன்ஸ் குழு அமெரிக்காவில் பல ஆண்டுகளாக இயங்கி வருகிறது.

மெல்லிசைக் குழுக்காரர்களை இதனால் ஒதுக்கிவிட வேண்டாம். காதால் கேட்டே ஒரு பாடலின் இடையிசையைச் சுரம் பிசகாமல் எடுக்கும் பயிற்சி அவர்களிடம் உள்ள அளவுக்கு வேறு யாரிடமும் இல்லை. ‘முதல் பாட்டு ஆறரைக் கட்டை, ரேடியோ கா கா நாலு கட்டை’ என்று சொன்னால் போதும், மறுநாள் வாசித்துக் காட்டுவார்கள்.

முதன்மைப் பாடகரைத் தேர்வு செய்யும்போது, இசைத்தட்டில் உள்ள உச்ச சுரங்களைத் தொட முடியுமா என்று பார்க்காதீர்கள். மெர்க்குரியே மேடையில் பல உச்ச சுரங்களைத் தவிர்த்துக் கீழே இறக்கிப் பாடுவது வழக்கம். 21 நிமிடம் ஓடிக்கொண்டும் குதித்துக்கொண்டும் மூச்சு வாங்காமல் சுருதியில் நிற்க முடியுமா என்பதே தேர்வாக இருக்கட்டும். ஆங்கில உச்சரிப்பை மெய்யெழுத்து வரை கவனிக்க வேண்டும் என்றாலும், குரலின் தன்மையைப் போலி செய்யத் தொண்டையை இறுக்கினால் இரண்டாம் பாடலிலேயே குரல் கட்டிவிடும். நன்றாகப் பாடினால் நடப்பதைச் சொல்வதானால், ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவின் பாடல்களைப் பாடிவந்த ட்ரிபியூட் பாடகர் டிம் ஓவன்ஸ் 1996-இல் அந்தக் குழுவிலேயே பாடகராகச் சேர்க்கப்பட்டார்.

கருவிகளும் அவற்றின் ஒலியும்

கூடுதல் உழைப்பு தேவைப்படும் இடம் கிடார். பிரையன் மே வாசிப்பது தன் தந்தையோடு சேர்ந்து 1963-இல் செய்யத் தொடங்கிய ரெட் ஸ்பெஷல் என்ற கிடார். அதன் கழுத்து பழைய கணப்படுப்பு ஒன்றின் மரத்திலிருந்து செதுக்கப்பட்டது. அதில் மூன்று ஒற்றைச் சுருள் பிக்கப்புகள் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பகுதிகள்) உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனியாக இயக்கும் சுவிட்சும், ஃபேஸ் மாற்றும் சுவிட்சும் உண்டு. சாதாரண ஸ்ட்ராட் வகைக் கிடாரில் பிக்கப்புகள் இணையாக இணைந்திருக்கும். ரெட் ஸ்பெஷலில் தொடர் இணைப்பு. குரல் பாடுவதுபோல் மூக்கால் ஒலிக்கும் அந்த நாதத்திற்கு இந்த இணைப்பு ஒரு காரணம். மற்றொரு காரணம், மேல் அலைவரிசைகளை உயர்த்தும் ட்ரெபிள் பூஸ்டர் வழியாக வாக்ஸ் ஏசி30 ஆம்ப்ளிஃபயரை முழு ஒலியில் திணறவிடுவது.

பிரையன் மே பெயரிலேயே விற்கப்படும் நகல் கிடாரை வரவழைக்க இயலாதவர்கள், தங்களிடம் உள்ள ஸ்ட்ராட் வகைக் கிடாரை ஒரு நல்ல மெக்கானிக்கிடம் கொடுத்து, நடு பிக்கப்பையும் பிரிட்ஜ் (கம்பிகளைத் தாங்கும் பகுதி) அருகே உள்ள பிக்கப்பையும் தொடர் இணைப்பாக மாற்றிக்கொள்ளலாம். ட்ரெபிள் பூஸ்டர் ஒரே ஒரு டிரான்சிஸ்டர் கொண்ட எளிய சுற்று; மின்னணுவியல் படிக்கும் மாணவர் ஒருவர் அதைச் செய்து தந்துவிடுவார். ஏசி30 கிடைக்காவிட்டால் அதன் ஒலியைப் போலச் செய்யும் டிஜிட்டல் பெடல் போதும். கம்பியை மீட்டும் பிளாஸ்டிக் பிக்குக்குப் பதிலாக மே பயன்படுத்துவது பிரிட்டனின் பழைய ஆறு பென்ஸ் நாணயம். அதன் விளிம்பில் உள்ள வரிகள் கம்பியில் உரசும்போது ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்திலும் ஒரு கரகரப்பு வரும். விளிம்பில் வரியுள்ள பழைய நாணயம் ஏதேனும் வீட்டில் கிடந்தால் அதை எடுத்துப் பாருங்கள். வித்தியாசம் உடனே கேட்கும்.

டிரம்ஸில் ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டியிருக்கும். நம் ஊர் மேடைகளில் தாளம் பெரும்பாலும் ரிதம் பேடில் வாசிக்கப்படுகிறது. ரோஜர் டெய்லரோ ஸ்நேர் என்ற சிறு டிரம்மை அடிக்கும் அதே கணத்தில், காலால் திறந்து மூடும் இரட்டைத் தாளத்தட்டான ஹை-ஹாட்டைச் சற்றுத் திறந்து, ‘ட்ஷ்’ என்று ஒரு வீச்சைச் சேர்ப்பவர். இது காலும் கையும் சேர்ந்து செய்யும் வேலை. பேடில் குச்சியால் தட்டி வரவழைக்க முடியாது. முழு டிரம் செட்டை வாடகைக்கு எடுத்து, அதில் பழகியவரையே உட்கார வையுங்கள்.

பியானோவுக்கு 88 கட்டைகள் கொண்ட, கனமான விசையுள்ள டிஜிட்டல் பியானோ போதும். ஒரு தச்சரிடம் சொல்லிக் கிராண்ட் பியானோவின் வெளி வடிவத்தைப் பிளைவுட்டில் செய்து அதற்குள் பொருத்தினால், தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. ‘கிரேஸி லிட்டில் திங்’ பாடலுக்குப் பாடகரே கிடாரை மாட்டிக்கொண்டு நிற்கிறார் என்பதால், அவருக்கு அடிப்படை கார்டுகளாவது தெரிந்திருக்க வேண்டும்.

ஒத்திகை

வெம்பிளிக்கு முன் குயின் குழு லண்டனின் ஷா தியேட்டரில் இந்த 21 நிமிடங்களை மட்டும் மீண்டும் மீண்டும் ஒத்திகை பார்த்தது. நீங்களும் பாடல் பாடலாகப் பழகி முடித்தவுடன், முழுத் தொகுப்பையும் நிறுத்தாமல் வாசிக்கும் ஒத்திகைக்கு மாறிவிட வேண்டும். பிழை வந்தாலும் நிறுத்தக்கூடாது. இத்தகைய நிகழ்ச்சியின் வேகம் பாடல்களில் இருப்பதைவிடப் பாடல்களுக்கு நடுவே இருக்கிறது. ஒன்று முடிந்து கைத்தட்டல் அடங்குவதற்குள் அடுத்தது தொடங்கியிருக்க வேண்டும். கச்சேரி மேடைகளில் ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவே அறிவிப்பாளர் பேசுவது நம் பழக்கம் என்பதால், இந்தத் தொடர் ஓட்டம் நம் இசைக்கலைஞர்களுக்கு முதலில் மூச்சுமுட்டும்.

ஒத்திகையைக் கைபேசியில் படம்பிடித்து, மூலப் பதிவின் பக்கத்தில் வைத்து ஓடவிட்டுப் பாருங்கள். வேகம் எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்பது அப்போது மறைக்க முடியாமல் தெரியும். ‘ஹாமர் டு ஃபால்’ பாடலில் பெரும்பாலானவர்கள் இசைத்தட்டு வேகத்திற்கே திரும்பிவிடுவார்கள்.

உடையும் அசைவும்

வெள்ளைப் பனியன், வெளிறிய ஜீன்ஸ், கையில் குமிழ் பதித்த தோல் பட்டை, மீசை ஆகியவை போதும். மெர்க்குரியின் துருத்திய பற்களைக் காட்டப் பொய்ப்பல் வைத்துக்கொள்வது கேலியாகிவிடும். மெர்க்குரியின் கையிலிருந்த அடிப்பாகமில்லாத மைக் கம்பு இன்றியமையாதது. நேரான மைக் ஸ்டாண்டின் மேல் கம்பியை மட்டும் கழற்றி எடுத்தால் அது தயார். மைக்கைப் பிடிக்கும் கிளிப் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்து, ஓரத்தில் ஒன்றை உபரியாக வையுங்கள். அந்தக் கம்பைச் சுழற்றுவதையும் தோளில் சாய்ப்பதையும் பாடாமல் தனியே பழகிய பிறகே பாட்டோடு சேர்க்க வேண்டும்.

நாளும் இடமும் அனுமதியும்

பங்குனி தொடங்கிவிட்டால் ஊர்த் திருவிழாக்களுக்காக நல்ல சவுண்ட் சர்வீஸ்காரர்களும் மெல்லிசைக் கலைஞர்களும் முன்பதிவாகிவிடுவார்கள்; சித்திரைத் திருவிழாச் சமயத்தில் நகருக்குள் வேறு நிகழ்ச்சிக்கு அனுமதி கேட்பதே வீண். ஐப்பசி, கார்த்திகையில் மழை. பொங்கலை ஒட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுகளுக்குக் காவல் துறை போய்விடும். எனவே வசதியான காலம் தை மாதத்தின் பிற்பகுதியும் மாசியும். அப்போது மதுரையில் ஆறரை மணிக்குள் பொழுது சாய்ந்துவிடும் என்பதால், வெம்பிளியின் பகல் வெளிச்சம் வேண்டுமானால் ஐந்தரைக்கே தொடங்கிவிடுங்கள். கல்லூரி மைதானமோ திறந்தவெளித் திடலோ பொருத்தமானது. லட்சுமி சுந்தரம் ஹால் போன்ற உள்ளரங்குகள் கச்சேரிக்கு அருமையானவை என்றாலும், இந்த நிகழ்ச்சிக்குத் தேவையான வானம் அங்கே இல்லை.

அனுமதியைப் பொறுத்தவரை இரண்டு தனித்தனி வேலைகள் உள்ளன. முதலாவது காவல் துறை அனுமதி. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் பரப்பு அமைதி மண்டலமாக அறிவிக்கப்படலாம். கல்லூரி மைதானத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது பாடல் உரிமம். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, பிறர் எழுதி இசையமைத்த பாடலைப் பொது மேடையில் வாசிக்க உரிமம் பெற வேண்டும். இந்தியாவில் இதை ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் வழங்குகிறது. பாடல் பட்டியலோடு நிகழ்ச்சிக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். இடைவேளையில் ஒலிப்பதிவுகளை ஓடவிட்டால் அதற்கு வேறு உரிமம் தேவை. ‘ஊர் நிகழ்ச்சிதானே, யார் கேட்கப் போகிறார்கள்’ என்ற பேச்சு சகஜம். நுழைவுச்சீட்டு விற்கும் நிகழ்ச்சிக்கு அது பொருந்தாது. சுவரொட்டியில் குயின் குழுவின் பெயரை மட்டும் பெரிதாகப் போட்டு, அவர்களே வருவதுபோல் காட்டக்கூடாது. உங்கள் குழுவின் பெயரைப் பெரிதாகவும், இது அவர்களுக்குச் செய்யும் மரியாதை நிகழ்ச்சி என்பதைத் தெளிவாகவும் அச்சிடுங்கள். அவர்களுடைய சின்னத்தைத் தொடவே வேண்டாம்.

மின்சாரமும் ஒலிபெருக்கியும்

எர்த்திங் சரியில்லாத மேடையில் கிடார் கம்பியில் விரல் இருக்க, உதடு மைக்கைத் தொட்டால் மின்சாரம் உடம்பு வழியே பாயும். ஆகவே ஜெனரேட்டரானாலும் மின்வாரிய இணைப்பானாலும், கசிவைக் கண்டவுடன் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்த பிறகே கருவிகளை இணைக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

ஒலிக்கலவையில் நம் சவுண்ட் சர்வீஸ்காரர்களிடம் முன்கூட்டியே பேச வேண்டிய விஷயம் எக்கோ. குரலுக்கு அதைத் தாராளமாக வைப்பது இங்கே வழக்கம். வெம்பிளிப் பதிவில் குரல் நெருக்கமாகவும் உலர்ந்தும் இருக்கிறது. பதிவை அவர்களுடைய ஒலிபெருக்கிப் பெட்டிகளிலேயே ஓடவிட்டுக் காட்டுவது, வார்த்தையால் விளக்குவதைவிட எளிது. கூட்டுக்குரல் பாடும் மூவருக்கும் தனித்தனி மானிட்டர் (பாடுபவர் தம் குரலைத் தாமே கேட்க உதவும் ஒலிபெருக்கி) கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் மூன்று உயரங்களில் பாட முடியாது.

கூட்டம்

வெம்பிளியில் இருந்த 72,000 பேர் ‘ரேடியோ கா கா’வுக்குக் கைகளை உயர்த்தி இரட்டைத் தட்டு தட்டியதுதான் அந்த நிகழ்ச்சியின் புகழ்பெற்ற காட்சி. 1984-இல் வெளியான அப்பாடலின் வீடியோவைப் பார்த்து அவர்கள் அதை முன்பே அறிந்திருந்தார்கள். மதுரையில் கூடுபவர்களில் பலருக்கு அது தெரியாது. ஆகவே குழு மேடையேறுவதற்கு முன், அறிவிப்பாளர் தமிழில் பேசி, எந்த வரியில் கை தட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து இரண்டு மூன்று முறை பழக்கட்டும். பாடகர் ‘ஏ-ஓ’ என்று இழுக்கும்போது திருப்பிப் பாட வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம். தேவாலயப் பாடகர் குழுவின் நண்பர்கள் பத்துப் பேரைக் கூட்டத்தின் பல மூலைகளில் நிறுத்தினால், அவர்களைச் சுற்றியிருப்பவர்கள் தாமாகவே சேர்ந்துகொள்வார்கள். குழு வாசிக்கத் தொடங்கிய பிறகு அறிவிப்பாளர் மேடைப் பக்கமே வரக்கூடாது.

21 நிமிடத்துக்காக நுழைவுச்சீட்டு வாங்குபவர் குறைகூறுவார் என்று தோன்றினால், முன்னதாக ஒரு மணி நேரம் 1985-ஆம் ஆண்டுத் தமிழ்த் திரைப்பாடல்களை மெல்லிசைக் குழுவைக் கொண்டு வாசிக்க வைக்கலாம். அந்தப் பாடல்களையும் உரிமப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். அப்படிச் செய்தால் மெல்லிசைக் குழு நாலேகாலுக்கே தொடங்க வேண்டியிருக்கும். வெயில் தாழாத அந்த நேரத்தில் பார்வையாளர் பகுதிக்கு மேலே பந்தல் வேண்டும். டிரம் செட்டை முதலிலேயே மேடையின் பின்பக்கம் பொருத்தி, மெல்லிசைக் குழுவின் பேடுகளை அதன் முன்னால் வைத்தால், இரண்டுக்கும் நடுவே மேடையை மாற்ற பத்து நிமிடம் போதும்.